ஒன்பது நாள் தேடிய புள்ளி

"ஐயா, லெலியோவிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. என்னிடம் அது இல்லை. அது என்ன?"

இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே நின்ற கேள்வியை எர்கோலே அன்று காலையில் கேட்டேவிட்டான்.

ஆசான் மெல்கியோரே ஆர்கன் என்னும் குழாய் வாத்தியத்தின் கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இடக்கோடியில் தொடங்கி வலக்கோடிவரை ஒவ்வொரு கட்டையாகத் துடைப்பார். எந்த வேலையையும் பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இது நானூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய கதை. இத்தாலியின் வடக்கே, ஆற்றோரமாக, வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் ஓர் ஊர். அந்த ஊர்ப் பெரிய கோயிலில் ஆர்கன் வாசிப்பவர் மெல்கியோரே. அவருக்கு இரண்டு சீடர்கள். மூத்தவன் எர்கோலே, முப்பதைத் தாண்டியவன், வந்து எட்டு வருடம் ஆகிறது. இளையவன் லெலியோ, வந்து இரண்டே வருடம்.

கடைசிக் கட்டையையும் துடைத்த பிறகு ஆசான் துணியை மடித்து வைத்தார். பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்து சில தாள்களை எடுத்து நீட்டினார்.

"இது லெலியோ எழுதியது. திருவிழாப் பூசைக்கு. பிரதி எடு."

"நான் கேட்டதற்குப் பதில், ஐயா?"

"பன்னிரண்டு நாள் இருக்கிறது. நிதானமாக எடு."

எர்கோலேவின் முகம் சுண்டிப்போயிற்று. கேட்டது பசிக்குச் சோறு. கிடைத்தது அடுத்தவன் சாப்பிட்ட தட்டைக் கழுவும் வேலை. அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. தாள்களையும், பிரதி எடுக்க வேண்டிய புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

மெல்கியோரேவிடம் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. தன் கோயிலில் வாசிக்கத் தகுதி உண்டு என்று அவர் நினைக்கும் பாட்டுகள் மட்டும் அதில் ஏறும். பாட்டின் கீழே எழுதியவன் பெயரை அவரே தன் கையால் எழுதுவார். அக்கம்பக்கத்து ஊர்களில் யார் ஆர்கன் வேலை கேட்டுப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மெல்கியோரேவின் புத்தகத்தில் உன் பெயர் உண்டா?"

லெலியோவின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. இது மூன்றாவது.

எர்கோலேவின் பெயர் இல்லை. எட்டு வருடத்தில் அவன் பதினொரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தான். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துவிட்டு ஆசான் ஒரே வார்த்தைதான் சொல்லுவார். "கை நன்றாக ஓடுகிறது." பிறகு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அலமாரிக்குள் போனது வெளியே வந்ததில்லை.

புத்தகத்துக்குச் சில வழக்கங்கள் இருந்தன. எழுதியவன் தன் பாட்டைத் தானே பிரதி எடுக்கக் கூடாது. "அவன் கண் தன் தப்பைத் தாண்டிக் குதித்துவிடும்" என்பார் ஆசான். பிரதி எடுக்கிறவன் பிழை கண்டால் திருத்தலாம். ஆனால் திருத்திய இடத்துக்கு நேராக ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவைக்குறி போட்டு, அதன் கீழே தன் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும். இன்னொன்றும் உண்டு. தாளில் கண்ணால் மட்டும் படித்துத் தேர்ந்தெடுத்த புதுப் பாட்டை ஆசான் திருவிழாவன்றுதான் புத்தகத்தைப் பார்த்து முதல் முறையாக வாசிப்பார். அதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டார். யாரையும் திறக்க விடவும் மாட்டார். முதலில் கேட்பவர் கடவுளாக இருக்கட்டும் என்பது அவர் பிடிவாதம்.

லெலியோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எர்கோலேவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கெட்டவன் இல்லை. காலையில் தாமதமாக எழுவான். ஆப்பிளைக் கடித்துக்கொண்டே இடக்கையால் வாசிப்பான். எர்கோலேவை வாய் நிறைய "அண்ணா" என்று கூப்பிடுவான். இறகுப்பேனா சீவ அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே எர்கோலேதான். அந்தப் பேனாவால்தான் அவன் புத்தகத்துக்குள் போய்விட்டான்.

எர்கோலே கோயில் மணிக்கு முன்னே எழுவான். விரல் நோக நோகப் பழகுவான். லெலியோ நான்கு குரலில், அதாவது ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும் நான்கு மெட்டுகளில், ஒரு பாட்டு எழுதினால் இவன் ஐந்து குரலில் எழுதுவான். லெலியோ ஒரு மூச்சுக்கு எட்டுச் சுரம் வைத்தால் இவன் பதினாறு வைப்பான். ஆசான் படித்துவிட்டு, "கை நன்றாக ஓடுகிறது" என்பார். அலமாரி திறக்கும், மூடும்.

முதல் நாள் எர்கோலே தாள்களை மேசையில் பரப்பி வைத்துப் படித்தான்.

பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரத்துக்கான பாட்டு. ஊரே மண்டியிட்டுத் தலை குனிந்திருக்கும் நேரம் அது. மெதுவாக, மெல்லிய குழாய்களில் மட்டும் வாசிக்க வேண்டியது. நான்கு குரல்கள். ஓட்டம் இல்லை, குலுக்கல் இல்லை.

"இவ்வளவுதானா!" என்று வாய்விட்டே சொன்னான்.

இரண்டாம் நாள் பிழை தேடினான். ஒரே ஒரு பிழை கிடைத்தால் போதும். ஓரத்தில் சிலுவைக்குறி போட்டு, கீழே தன் எழுத்தைப் போட்டு, லெலியோவுக்கும் பிழை வரும் என்பதைப் புத்தகத்தில் நிரந்தரமாக்கிவிடலாம். நான்கு குரலையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தான். பிழை இல்லை.

மூன்றாம் நாள் அந்த நினைப்பு வந்தது. பிழை இல்லையென்றால் என்ன, ஒன்றை வைத்துவிட்டால் போகிறது.

நினைத்தவுடன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். வந்து உட்கார்ந்தபோது நினைப்பு போகவில்லை, எந்த இடத்தில் என்ற கேள்விக்குப் போயிருந்தது.

அது சுலபமான வேலை இல்லை. ஆசானின் விரல்களை அவனுக்குத் தெரியும். பார்த்தாலே தப்பு என்று தெரியும் சுரத்தை வைத்தால் அந்த விரல்கள் வாசிக்கும்போதே அதைச் சரிசெய்துகொண்டு போய்விடும். ஆகவே தாளில் பார்க்கும்போது அது சரியாக இருக்க வேண்டும். கணக்கு உதைக்கக் கூடாது. இலக்கணம் மீறக் கூடாது. ஆனால் வாசித்தால் காதில் குத்த வேண்டும். ஊர் மண்டியிட்டிருக்கும் நேரத்தில், மிக அமைதியான இடத்தில், எல்லோரும் முகத்தைச் சுளிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் லெலியோவின் முகம் வெளிற வேண்டும்.

அப்படி ஓர் இடம் தேடினான்.

அவன் அறையில் ஒரு கிளாவிகார்டு இருந்தது. மேசையில் வைத்து வாசிக்கிற சின்னக் கருவி. தந்திகள் உள்ளது, வாசிப்பவனுக்கு மட்டும் கேட்கும் அளவுக்குச் சத்தம் போடுவது. அதில் பாட்டை ஒவ்வொரு குரலாகப் பிரித்து வாசித்தான். மேல்குரலை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தான். மறுநாள் இரண்டாம் குரலை. அதற்கு மறுநாள் மூன்றாவதை. எந்தக் குரல் எங்கே ஒதுங்கி எதற்கு வழிவிடுகிறது, எது எங்கே காத்திருக்கிறது, எது எங்கே களைத்துப்போகிறது என்றெல்லாம் பார்த்தான். சாப்பிடும்போது கீழ்க்குரல் வாயில் வந்தது. முகம் கழுவும்போது நான்கும் சேர்ந்து வந்தன.

ஐந்தாம் நாள் ஒரு விபரீதம் நடந்தது. பாட்டு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் வயிறு இன்னும் எரிந்தது.

"அண்ணா, பிரதி எவ்வளவு ஆயிற்று?" என்று லெலியோ கதவோரம் எட்டிப் பார்த்தான்.

"ஆகிறது."

"ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது இல்லையா? உங்களைப் போல எனக்குக் கை ஓடாது. அதனால்தான் மெதுவாக எழுதிவிட்டேன்."

எர்கோலே நிமிர்ந்து பார்க்கவில்லை. "போய் வேலையைப் பார்" என்றான்.

தேடத் தொடங்கி ஒன்பதாம் நாள் இடம் கிடைத்தது.

பாட்டின் நடுவே ஓரிடத்தில் மேல்குரல் மெதுவாக இறங்கி ஒரு சுரத்தில் வந்து நிற்கிறது. அதற்குப் பக்கத்துச் சுரத்தில் அதுவரை இருந்த மூன்றாம் குரல், அது வருவதற்குச் சரியாக முன்னால் நகர்ந்து இடம் விடுகிறது. பெரியவர் வரும்போது எழுந்து ஒதுங்குகிற மரியாதை. லெலியோவின் குணமே அதுதான் என்று எர்கோலே கசப்போடு நினைத்தான்.

மூன்றாம் குரல் நகராமல் இருந்தால்? ஒரே ஒரு தட்டு நேரம் பிடிவாதமாக அங்கேயே நின்றால்? பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று உரசும், குறுகிய வாசலில் இரண்டு பேர் மாட்டிக்கொண்ட மாதிரி.

அதற்கு வேண்டியது மிகக் கொஞ்சம். சுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது இன்னும் பாதி மடங்கு நீளும். அடுத்த சுரத்தின் தலையில் ஒரு கோடு போட்டால் அது பாதியாகச் சுருங்கும். கணக்குச் சரியாகிவிடும். பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

கிளாவிகார்டில் வாசித்துப் பார்த்தான். சுள்ளென்று கடித்துவிட்டு அணைந்துபோயிற்று. அவனுக்குத் திருப்தி.

தந்தியில் சத்தம் உடனே செத்துப்போகும், ஆர்கனில் விரலை எடுக்கும்வரை காற்று நின்று ஒலிக்கும். எட்டு வருடம் ஆர்கன் வாசித்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று அவனுக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

பிரதியில் புள்ளியை வைத்தான். கோட்டைப் போட்டான். ஓரத்தில் குறி போடவில்லை. யாராவது கேட்டால் புள்ளியை மை தெறித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கோட்டுக்கு என்ன சொல்வது என்பதை அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் புத்தகத்தை ஆசானிடம் கொடுத்தான். அவர் திறந்துகூடப் பார்க்காமல் பெட்டியில் வைத்தார்.

"கண் சிவந்திருக்கிறதே" என்றார்.

"பனி, ஐயா."

"நல்ல பனிதான்."

திருவிழாவன்று காலை கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். மாடத்தில் ஆர்கனுக்கு முன்னால் ஆசான். வலப்பக்கம் லெலியோ, குழாய்களைத் திறந்து மூடும் பிடிகளில் கை வைத்தபடி. பின்னால் துருத்தி மிதிக்கும் பியாஜோ, முப்பது வருடமாக அதே மரப்படியில் ஏறி இறங்குகிறவர். எர்கோலே கீழே தூண் ஒன்றின் பக்கத்தில் இடம் பிடித்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் ஜனங்களின் முகமும் தெரியும், லெலியோவின் முகமும் தெரியும். அதற்காகவே பிடித்த இடம்.

பாதிரியார் அப்பத்தை உயர்த்தினார். எல்லோரும் மண்டியிட்டார்கள். பாட்டு தொடங்கியது.

எர்கோலேவின் உதடு நான்கு குரலோடும் சேர்ந்து அசைந்தது. இதோ, மேல்குரல் இறங்குகிறது. இதோ, இப்போது.

மூன்றாம் குரல் நகரவில்லை.

இரண்டு சுரங்களும் உரசின. ஆனால் அணைந்துபோகவில்லை. பெரிய குழாய்களுக்குள் காற்று நின்றது. உரசல் அப்படியே நீண்டது. யாரோ ஒருவர் போக மனமில்லாமல் வாசலிலேயே நிற்பது போல அந்தக் குரல் நின்றது. ஆசான் விரலை எடுக்கவில்லை. எழுதியிருந்ததைவிடவும் ஒரு மூச்சு நேரம் கூடுதலாகப் பிடித்தார். பிறகு மூன்றாம் குரல் மெதுவாக ஒரு படி இறங்கியது. கோயில் முழுக்க ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கசாப்புக்காரர் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எர்கோலேவின் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

பூசை முடிந்ததும் மாடத்தின் படிக்கட்டில் கூட்டம். பாடகர் குழுத் தலைவர் லெலியோவைக் கட்டிப்பிடித்தார். ஒரு வயதான பாதிரியார் அவன் தலையில் கை வைத்து, "அந்த இடம் மகனே, அந்த இடம்!" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் போனார்.

பியாஜோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"காத்துதான் நின்னுபோச்சோன்னு பயந்துட்டேன்பா. பார்த்தா, நான்தான் மூச்சை நிறுத்தியிருக்கேன். முப்பது வருஷமா மிதிக்கிறேன். இப்படி என் காலை யாரும் நிறுத்தினதில்லை. லெலியோ தம்பிக்கு எங்கேருந்துதான் வருதோ!"

எர்கோலே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதுவரை அவன் லெலியோவின் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான், அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பட்டிருக்கிறான், தூக்கத்தைப் பார்த்துக்கூடப் பட்டிருக்கிறான். இது புதிது. தன் பிள்ளையை அடுத்தவன் மடியில் உட்காரவைத்து ஊர் கொஞ்சுகிறது. தன்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை பிறந்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் லெலியோ நேராக அவனிடம் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"அண்ணா, அந்த இடத்தை நான் அப்படி எழுதவில்லை."

எர்கோலே தூணிலிருந்து கையை எடுத்தான்.

"நான் மூன்றாம் குரலை முன்னாலேயே நகர்த்தியிருந்தேன். நீங்கள்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். வேறு யார் அந்தத் தாளைத் தொட்டார்கள்?"

"லெலியோ..."

"எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா! நிறுத்திவைக்கலாம் என்று தோன்றவே இல்லை. என் பாட்டை நானே இன்றைக்குத்தான் கேட்டேன்." அவன் எர்கோலேவின் கையைப் பிடித்துக்கொண்டான். "குறி ஏன் போடவில்லை? எல்லோரும் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடட்டும் என்றா? இவ்வளவு அடக்கம் கூடாது. நான் ஐயாவிடம் சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னாய்?"

"உண்மையைத்தான்."

எர்கோலே கையை உருவிக்கொண்டான். லெலியோ தன்னை ஒரு அறை அறைந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிற்பகலில் ஆசான் அழைத்தார்.

மாடத்தில் அவர் மட்டும் இருந்தார். புத்தகம் அந்தப் பக்கத்தில் திறந்திருந்தது. பக்கத்தில் மைக்கூடு. பாட்டின் கீழே பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"லெலியோ வந்திருந்தான்" என்றார்.

"தெரியும், ஐயா."

"தன் பாட்டை நீ உயர்த்திவிட்டாய் என்கிறான். கீழே இரண்டு பெயர் போடச் சொல்கிறான். உன் பெயரை முதலில் போடச் சொல்கிறான்."

எர்கோலே காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தான்.

ஆசான் பேனாவை மையில் தோய்த்தார். "எழுதட்டுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தலையை ஆட்டினாலும் போதும். எட்டு வருடம், பதினொரு பாட்டு, பூட்டிய அலமாரி, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தலையாட்டல் ஈடாகிவிடும். லெலியோவே சாட்சி. நாளைக்கு எந்த ஊருக்குப் போய்க் கேட்டாலும் வேலை கிடைக்கும்.

பேனா முனையில் மை காய்ந்தது. ஆசான் மறுபடி தோய்த்தார். அவசரப்படுத்தவில்லை.

"வேண்டாம், ஐயா."

"ஏன்?"

"அதை நான் உயர்த்துவதற்காக மாற்றவில்லை. கெடுப்பதற்காக மாற்றினேன். ஊருக்கு முன்னால் அவன் தலைகுனிய வேண்டும் என்று மாற்றினேன்."

நல்ல புத்தி வந்து சொன்னானா, லெலியோ போடும் பிச்சையை வாங்கப் பிடிக்காமல் சொன்னானா என்று கேட்டால், இரண்டும்தான். எப்படியோ சொல்லிவிட்டான்.

ஆசான் பேனாவைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"உயர்த்த நினைத்தவன் குறி போட்டிருப்பான். சரி, மை தெறித்தது என்று வைத்துக்கொண்டாலும் புள்ளிதான் விழும். கூடவே கோடும் சேர்ந்தா விழும்?"

"தெரிந்துமா வாசித்தீர்கள்?"

"வாசித்து முடித்த பிறகுதான் தாளைச் சரியாகப் பார்த்தேன்."

"வாசிக்கும்போது?"

"நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று விரலை எடுக்கவில்லை."

கீழே யாரோ திருவிழாப் பூக்களைக் கூட்டிப் பெருக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாள் தேடினாய்?"

"ஒன்பது நாள்."

"ஒரு புள்ளிக்கா?"

"ஒரு புள்ளிக்கு."

"ஒன்பது நாளும் என்ன செய்தாய்?"

எர்கோலே சொன்னான். ஆற்றங்கரையில் ஒவ்வொரு குரலாக முணுமுணுத்ததை, மூன்றாம் குரல் எங்கே களைக்கிறது என்று கவனித்ததை, முகம் கழுவும்போது நான்கும் சேர்ந்து வந்ததை, பாட்டு பிடித்துப்போய் வயிறு எரிந்ததை. சொல்லச் சொல்ல அவன் குரல் தணிந்துகொண்டே போயிற்று.

"எழுதியவனே இவ்வளவு பார்த்திருக்க மாட்டான்" என்றார் ஆசான். பிறகு புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார். "குறியைப் போடு."

"போட்டால் திறக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஐயா."

"என்ன தெரியும்?"

"லெலியோவின் பாட்டில் நான் கை வைத்தேன் என்று."

"வைத்தாய்தானே?"

எர்கோலே பேனாவை எடுத்தான். கை நன்றாக ஓடும் என்று பெயர் வாங்கிய கை அன்று மெல்ல நகர்ந்தது. புள்ளி இருந்த வரிக்கு நேராக ஓரத்தில் சின்னதாகச் சிலுவைக்குறி போட்டான். கீழே தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினான். எட்டு வருடத்தில் அந்தப் புத்தகத்துக்குள் அவனுடையது என்று போனது அந்த ஓர் எழுத்துதான். பாட்டின் அடியில் ஆசான் லெலியோவின் பெயரை மட்டும் எழுதி, மை காய மணல் தூவினார்.

எர்கோலே எழுந்து நின்றான்.

"நான் போய்விடட்டுமா, ஐயா? நாளைக் காலையில் புறப்பட்டுவிடுகிறேன்."

"எங்கே?"

"எங்கேயாவது. உங்களிடம் இருக்க எனக்கு முகம் இல்லை. லெலியோவின் முகத்தைப் பார்க்கவும் முடியாது."

ஆசான் அலமாரியிடம் போனார். பூட்டைத் திறந்தார். உள்ளே பதினொரு கட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அடியிலிருந்து ஒன்றை உருவினார். தூசியைத் தட்டினார். எர்கோலே அதை அடையாளம் கண்டுகொண்டான். அவன் முதன்முதலில் எழுதிக் கொடுத்தது. ஓட்டத்துக்கு மேல் ஓட்டமாக, கறுத்துப்போன தாள்கள்.

"இதைப் பிரதி எடு."

எர்கோலே கை நீட்டவில்லை. "இது என்னுடையது, ஐயா. தன்னுடையதைத் தானே பிரதி எடுக்கக் கூடாது என்பது உங்கள் வழக்கம்."

"ஆமாம்" என்றார் ஆசான். தாள்களை அவன் கையில் வைத்தார். "அதனால், லெலியோ எழுதியது என்று நினைத்துக்கொள்."